34 வயசுல "எப்ப வருவ?"

வேளச்சேரியில ஓனர் வாடகைய ஏத்தினதும், புது வீடு கிடைக்கிற வரைக்கும்னு மேற்கு மாம்பலத்துல அம்மா அப்பாகூட வந்து உக்காந்தேன், மூணு மாசம் ஓடிப்போச்சு. அட்வான்ஸ் 3 மாச வாடகைதான்னு 2017 தமிழ்நாடு வாடகைச் சட்டத்துலயே இருக்கு, ஆனா நான் பாத்த வீட்டுலெல்லாம் அசால்ட்டா பத்து மாசம்னு கேக்குறாங்க, அத விடுங்க.

இங்க ராத்திரி 10 மணி ஆனா அப்பா வாசல் கேட்டைப் பூட்டிட்டு சாவிய தலகாணிக்கு அடியில வச்சுக்குறாரு. நான் கிளையன்ட் கால்ல இருக்கேன், அம்மா பின்னாடி வந்து "தோசைக்கு மிளகாப்பொடியா சட்னியா"ங்கிறாங்க, மியூட் பண்ண மறந்துட்டேன், அந்தப் பக்கம் ஒருத்தன் "சட்னி"ங்கிறான்.

நேத்துதான் உச்சம். குளிச்சிட்டே இருக்கேன், தலையெல்லாம் ஷாம்பூ, அப்பா வெளிய இருந்து ஹீட்டர் ஸ்விட்ச அணைச்சிட்டாரு. ஏன்னா ரெண்டு மாசத்துல 500 யூனிட் தாண்டினா கரண்ட் ரேட்டே மாறிடுமாம். (அது என்னமோ உண்மைதான், அதான் இன்னும் எரிச்சல்.) பில்ல நான்தான்ப்பா கட்டுறேன்னு கத்துனா, "அதுக்காக? இவ்ளோ நேரம் என்ன குளியல்?"னு பதில் வருது.

இப்ப இத டைப் பண்ணும்போதே ஃபோன் அடிக்குது. அம்மாதான். பக்கத்து ரூம்ல இருந்து.