எனிக்மா புத்தகங்களும் எட்டு மணி நேர ஷிஃப்டும்

இரண்டாம் உலகப் போரின் சங்கேத உடைப்பு பற்றிய வெகுஜன வரலாற்று நூல்கள் முன்பெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை: ஒரு மேதை, ஒரு எந்திரம், ஒரு விடியற்காலையில் "கிடைச்சிடுச்சு" என்று ஒரு கூச்சல். இப்போது காற்று மாறியிருக்கிறது. அட்டையில் ஹெட்போன் மாட்டிய இளம்பெண், துணைத்தலைப்பில் 'மறக்கப்பட்ட' அல்லது 'சொல்லப்படாத', உள்ளே காதல், ரேஷன் முட்டை, நடன மாலை, ரகசியக் காப்பு உறுதிமொழி.

மாற்றம் நல்லதுதான். 1945 ஜனவரியில் பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கிலும் அதன் வெளி நிலையங்களிலுமாகச் சுமார் 9,000 பேர் வேலை பார்த்தார்கள். நான்கில் மூன்று பேர் பெண்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதியது அரைகுறை வரலாறு. ஆனால் இந்தப் புதிய புத்தகங்களிலும் ஒரு குறை உறுத்துகிறது. முந்நூறு பக்கம் படித்து மூடிய பிறகு, அந்தப் பெண் தன் ஷிஃப்டில் கையால் என்ன செய்தாள் என்று கேட்டால் பதில் வராது. "இரவு பகலாக உழைத்தார்கள்" என்பது பதிலா? வடம் பிடித்தவர்களைப் பாராட்டுகிறார்கள், சரி. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டவர் எந்த நொடியில் கட்டையைச் செருகினார், அவர் கை பிந்தியிருந்தால் தேர் எந்த வீட்டுத் திண்ணையில் ஏறியிருக்கும் என்று யாரும் எழுதுவதில்லை.

முதல் கண்ணியிலிருந்தே பார்ப்போம். ஸ்கார்பரோ, பியூமனார், சிக்சாண்ட்ஸ் போன்ற ஒட்டுக்கேட்பு நிலையங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் மோர்ஸைக் காதால் வாங்கிப் பென்சிலால் எழுதினார்கள். எழுதியதில் அர்த்தம் எதுவும் இல்லை. தரைப்படைச் செய்தி என்றால் ஐந்தைந்து எழுத்துக் கூட்டம், கடற்படை என்றால் நான்கு நான்கு. இதில் எந்தப் பிழை மன்னிக்கத்தக்கது, எது ஆளைக் கொல்லும் என்பதுதான் விஷயம். ஜெர்மனியின் மறைகுறி எந்திரமான எனிக்மாவில் ஒவ்வொரு விசை அழுத்தத்துக்கும் சக்கரம் ஒரு படி நகரும். ஓர் எழுத்தைத் தப்பாக எழுதினால் அந்த ஓர் இடம் மட்டும் கெடும். ஓர் எழுத்தை விட்டுவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் ஒரு படி தள்ளிப்போகும்; நீளமான செய்தி உபயோகமற்ற காகிதமாகிவிடும். அதனால் இரைச்சலில் கேட்காமல் போன எழுத்துக்குக் காலியிடம் விட்டே ஆக வேண்டும். ஜெர்மன் ஆபரேட்டர் 'திரும்ப அனுப்பு' என்று கேட்டுக்கொள்ளலாம். ஒட்டுக்கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. செய்தியின் தலைப்பில் எழுத்துகளின் எண்ணிக்கை இருக்கும், அதோடு ஒத்துப்பார்க்கலாம், அவ்வளவுதான் துணை.

அடுத்து ஊகம். எனிக்மாவின் பிரதிபலிப்புச் சக்கரம் காரணமாக எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறாது. ஏ ஒருபோதும் ஏ ஆக வராது. வானிலை அறிக்கையில் 'வெட்டர்ஃபோர்ஹெர்சாகே' (வானிலை முன்னறிவிப்பு) என்ற பதினாறு எழுத்து ஜெர்மன் சொல் இருக்கும் என்று சந்தேகித்தால், அதை மறைச்செய்தியின் கீழே வைத்து ஒவ்வோர் இடமாக நகர்த்துவார்கள். மேலும் கீழும் ஒரே எழுத்து மோதினால் அந்த இடம் இல்லை. கணக்குப் போட்டால் பதினாறு எழுத்துக்குக் கிட்டத்தட்டப் பாதி இடங்கள் இப்படியே அடிபடும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். இருந்தும் பல புத்தகங்கள் 159 குவின்டில்லியன் சாத்தியங்கள் என்று ஒரு வரியில் மிரட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்தப் பூதாகரமான எண்ணில் பெரும்பங்கு, எழுத்துகளை ஜோடி ஜோடியாக மாற்றிப்போடும் பிளக் பலகையுடையது (பத்து ஜோடிக் கம்பிக்கு மட்டும் 150 டிரில்லியன்). அந்தப் பங்கை ஓரங்கட்டியதுதான் சாமர்த்தியம். மிச்சம் நிற்பது 60 சக்கர வரிசை (ஐந்து சக்கரத்தில் மூன்றை மாட்டும் முறைகள்), ஒவ்வொன்றுக்கும் 17,576 தொடக்க நிலை. அது எந்திரத்துக்கு அடங்கும் கணக்கு.

அந்த எந்திரம்தான் பாம்ப். கணிதவியலாளர் ஆலன் டூரிங்கின் யோசனை, கார்டன் வெல்ச்மன் சேர்த்த மூலைவிட்டப் பலகை, லெட்ச்வொர்த் தொழிற்சாலையில் ஹரால்ட் கீனின் பொறியியல். ஏறக்குறைய ஒரு டன் எடை, ஆள் உயரத்துக்கும் சற்று மேல், உள்ளே 36 எனிக்மாவுக்குச் சமமான 108 உருளைகள். போர் முடிவதற்குள் இருநூறுக்கு மேல் ஓடின. இயக்கியவர்களில் பெரும்பாலோர் 'ரென்' எனப்பட்ட கடற்படைப் பெண்கள்.

அவர்கள் செய்தது இது. எழுத்துகளைக் கோடுகளால் இணைத்த 'மெனு' என்ற வரைபடம் வரும். அதன்படி நிறம் பார்த்து உருளைகளை மாட்ட வேண்டும் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு நிறம்). பிறகு எந்திரத்தின் பின்பக்கம் போய் கனத்த கேபிள்களைச் செருக வேண்டும். ஒவ்வோர் உருளையின் அடியிலும் 104 சின்னக் கம்பித் தூரிகைகள். இரண்டு தூரிகை வளைந்து ஒன்றையொன்று தொட்டால் ஷார்ட் ஆகும். எந்திரம் தேவையில்லாத இடத்தில் நிற்கும், அல்லது நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடும். இரண்டாவதுதான் மோசம். ஓடி முடித்து எதுவும் சிக்கவில்லை என்றால் ஊகம் தப்பா, தூரிகை தப்பா என்று யாருக்கும் தெரியாது. அதனால் மாட்டுவதற்கு முன் சாமணத்தால் தூரிகைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்கள். ஓர் ஓட்டத்துக்குச் சுமார் கால் மணி நேரம். ஒரே ஓட்டத்தில் மூன்று சக்கர வரிசைகளைச் சோதிக்கலாம் என்பதால் 60 வரிசைக்கு இருபது ஓட்டம். நின்றால் எண்ணைக் குறித்துச் சரிபார்க்கும் எந்திரத்தில் போட்டுப் பார்த்து, தொலைபேசியில் சொல்ல வேண்டும். சரியான விடையாக இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அடுத்த மெனு. எண்ணெய் தெறிக்கும் அறையில் நின்றபடியே எட்டு மணி நேரம்.

"என்ன செய்தி உடைந்தது என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது" என்று புத்தகங்கள் உருகுகின்றன. உருகட்டும். அந்தத் தூரிகையையும் ஒரு பத்தி எழுதியிருந்தால் அவர்கள் செய்த வேலையின் கனம் தெரிந்திருக்கும்.

மறைகுறி உடைத்த பெண்களின் கதியும் இதேதான். ஜோன் கிளார்க்கைப் பற்றி எழுதுபவர்கள் 1941-இல் டூரிங்குடன் நடந்த நிச்சயதார்த்தத்துக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறார்கள். அவர் தேர்ந்தவராக இருந்த பான்பரிஸ்மஸுக்கு ஒரு வரி. பான்பரி ஊரில் அச்சான நீளத் தாள்களில் செய்தியின் எழுத்துகளைத் துளையாகக் குத்தி, இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நகர்த்தி, துளைகள் எங்கே ஒத்துப்போகின்றன என்று எண்ணும் முறை அது. சம்பந்தமில்லாத இரண்டு செய்திகளில் 26-க்கு ஒன்று ஒத்துப்போகும். ஒரே சக்கர நிலையில் போன ஜெர்மன் செய்திகள் என்றால் சுமார் 17-க்கு ஒன்று. இந்தச் சின்ன வித்தியாசத்தைச் சேர்த்துச் சேர்த்து, எட்டுச் சக்கரம் வைத்திருந்த கடற்படையின் 336 சக்கர வரிசைகளில் பெரும்பகுதியைப் பாம்ப் ஓடுவதற்கு முன்பே கழித்துவிடுவார்கள். பெண் மறைகுறியியலாளருக்குப் பதவிநிலையே இல்லாததால் சம்பள உயர்வுக்காக அவரை 'மொழியியலாளர்' என்று காட்டினார்கள். படிவத்தில் பதவி: மொழியியலாளர், தெரிந்த மொழிகள்: ஏதுமில்லை என்று அவர் நிரப்பிய வேடிக்கை மட்டும் எப்படியோ எல்லாப் புத்தகத்திலும் வந்துவிடுகிறது.

மேவிஸ் லீவருக்கு இன்னும் கொஞ்சம் நியாயம் கிடைத்திருக்கிறது, ஏனென்றால் அவர் கதையில் நுட்பத்தைக் கழற்றினால் கதையே இல்லை. இத்தாலியக் கடற்படைச் செய்தி ஒன்றில் எல் என்ற எழுத்து ஓர் இடத்தில்கூட இல்லை என்பதைக் கவனித்தார். எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறாது. ஆக, சோதனைச் செய்தி அனுப்பும்படி பணிக்கப்பட்ட ஆபரேட்டர் சோம்பலில் எல் விசையை மட்டுமே தட்டியிருக்கிறான். அந்தச் சோம்பலிலிருந்து ஒரு சக்கரத்தின் உள்கம்பி அமைப்பே வெளிவந்தது.

மனிதக் கதையும் நுட்பமும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. 1942 அக்டோபர் 30 இரவு, கிழக்கு மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக்குள் பெட்டார்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் டோனி ஃபாசனும் காலின் கிரேசியரும் இறங்கினார்கள். கேன்டீன் உதவியாளன் டாமி பிரவுன் குறிநூல்களை மேலே வாங்கிக் கொடுத்தான். வயதைக் கூட்டிச் சொல்லி வேலைக்குச் சேர்ந்த பதினாறு வயதுப் பையன். இறங்கிய இருவரும் நீர்மூழ்கியோடு போனார்கள். பிரவுன் பிழைத்தான், 1945-இல் தன் வீட்டில் பிடித்த தீயில் தங்கையைக் காப்பாற்றப் போய் இறந்தான்.

இதை எழுதாத புத்தகம் இல்லை. கிடைத்தது 'எனிக்மா எந்திரம்' என்று சிலர் எழுதிவைத்திருப்பதுதான் எரிச்சல். கிடைத்தவற்றில் முக்கியமானது வானிலைக் குறுங்குறி நூலின் (வானிலை விவரங்களைச் சில எழுத்துகளாகச் சுருக்கும் அகராதி) இரண்டாம் பதிப்பு. அட்லாண்டிக் நீர்மூழ்கிகள் 1942 பிப்ரவரி 1 முதல் நான்கு சக்கர எனிக்மாவுக்கு மாறியதால் பிளெட்ச்லி பத்து மாதம் குருடாகிக் கிடந்தது. ஆனால் வானிலைக் குறுஞ்செய்திகளை அனுப்பும்போது நான்காவது சக்கரத்தை நடுநிலையில் வைத்துவிடுவார்கள்; எந்திரம் பழைய மூன்று சக்கர எனிக்மாவாகவே நடந்துகொள்ளும். அதே தகவலைக் கரை நிலையங்கள் வேறொரு பலவீனமான குறியில் மறுபடி ஒலிபரப்பின. அதை ஏற்கெனவே படித்துவந்தார்கள். நடுவில் இல்லாதிருந்தது குறுங்குறி நூல் மட்டும். அது கைக்கு வந்ததும் ஊகம் தயார், பழைய பாம்பே போதும். மூன்று சக்கரம் தெரிந்தபின் நான்காவதுக்கு 26 முயற்சிதான். டிசம்பர் 13 அன்று மறுபடி உள்ளே நுழைந்தார்கள். இரண்டு பேர் எதற்காக இறந்தார்கள் என்பது இந்த வரிகளில் இருக்கிறது. 'வீர மரணம்' என்ற சொல்லில் இல்லை.

பொய்க்கதைகளும் இருக்கின்றன. 1974-இல் விண்டர்போதமின் நூல் ரகசியத்தை உடைத்தபோது, எனிக்மாவைக் காப்பாற்றச் சர்ச்சில் கவென்ட்ரி நகரை எரிய விட்டார் என்ற கதையும் கூடவே கிளம்பியது. எனிக்மா தந்தது 'நிலவொளி சொனாட்டா' என்ற திட்டப் பெயரும் தாக்குதலின் அளவும்; எந்த ஊர் என்று அது உறுதியாகச் சொல்லவில்லை. 1940 நவம்பர் 14 மாலை சர்ச்சில் இலக்கு லண்டன் என்று நம்பி, ஊருக்கு வெளியே போன பயணத்தை விட்டு லண்டனுக்கே திரும்பினார். அன்றிரவு உண்மையில் சொதப்பியது எதிர்ப்பு அலைவரிசை: குண்டுவீச்சு விமானங்களுக்கு வழிகாட்டிய ஜெர்மன் ரேடியோ கற்றையின் தொனி 2,000 ஹெர்ட்ஸ், அதைக் குழப்ப வேண்டிய பிரிட்டிஷ் குலைப்பான்கள் 1,500-இல் வைக்கப்பட்டிருந்தன. நாடகத்துக்கு இது உதவாது போலும்.

எனிக்மாவை முதலில் உடைத்த போலந்துக்காரர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், இப்போது பலரும் எழுதுவதால். 1932 இறுதியிலேயே சக்கரக் கம்பிகளைக் கணிதத்தால் கண்டுபிடித்த ரெயெவ்ஸ்கி, 1943-இல் பிரிட்டனுக்குத் தப்பி வந்தபோது அவரைப் பிளெட்ச்லிக்குள் விடவில்லை. தாழ்நிலைக் கைக்குறிகளில் உட்காரவைத்தார்கள். போருக்குப்பின் ஊர் திரும்பிக் கணக்கராக வேலை பார்த்தார்.

நமக்குப் பக்கத்தில் நடந்ததைத்தான் யாரும் தொடுவதில்லை. சிங்கப்பூர் விழும் முன்பே பிரிட்டிஷ் மறைகுறிப் பிரிவு கொழும்புக்கு வந்துவிட்டது. அங்கே எதிரில் இருந்தது எனிக்மா அல்ல, ஜப்பானியக் கடற்படையின் ஜேஎன்-25. ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்திலக்க எண்; அதன்மேல் கூட்டல் நூலிலிருந்து இன்னோர் ஐந்திலக்க எண்ணைக் கைமாற்று இல்லாமல் (பத்தைத் தாண்டினாலும் அடுத்த இலக்கத்துக்கு எதையும் கொண்டுபோகாமல்) கூட்டுவார்கள். உதாரணத்துக்கு 38451-உடன் 74926 சேர்ந்தால் 02377. இதில் ஜப்பானியரே வைத்த ஓட்டை ஒன்று: அனுப்பும் பிழையைக் கண்டுபிடிக்க வசதியாக, அசல் எண்கள் எல்லாம் மூன்றால் வகுபடும்படி அமைத்திருந்தார்கள். ஆக, ஒரு கூட்டல் எண்ணை ஊகித்து, ஒரே பத்தியில் விழும் பல செய்திகளிலிருந்து கழித்துப்பார்த்து, இலக்கங்களைக் கூட்டினால் எல்லாம் மூன்றின் மடங்காக வருகிறதா என்று சோதிக்கலாம். ஒன்று சரியாக வந்தால் தற்செயல். பத்தும் வந்தால் எண் சிக்கிவிட்டது. பென்சில், தாள், பொறுமை, எந்திரமே வேண்டாம்.

அந்தக் கழித்தலிலிருந்துதான் இலங்கை மீது தாக்குதல் வருகிறது என்ற எச்சரிக்கை பிறந்தது. பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில்லின் கப்பற்படை 1942 ஏப்ரல் 1 என்று எதிர்பார்த்துக் காத்திருந்தது, ஒன்றும் வரவில்லை, எண்ணெயும் நீரும் நிரப்ப மாலத்தீவின் அட்டு பவளத்தீவுக்குப் போய்விட்டது. 4-ஆம் தேதி பர்ச்சால் ஓட்டிய கேடலினா விமானம் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு, சுடப்படும் முன் செய்தி அனுப்பியது. 5-ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. 9-ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. மறைகுறிப் பிரிவு மூட்டை கட்டிக்கொண்டு கென்யாவில் மொம்பாசா அருகே கிலிண்டினிக்குப் போனது. அங்கே ஜப்பானிய வானொலி சரியாகக் கேட்கவில்லை, வேலை படுத்துவிட்டது. 1943 செப்டம்பரில் கொழும்புக்குத் திரும்பி, ஆன்டர்சன் கோல்ஃப் திடலில் குடிசைகள் போட்டு உட்கார்ந்தார்கள்.

இதைத் தமிழில் யாராவது எழுத உத்தேசித்திருந்தால் ஒரு வேண்டுகோள். குண்டுவீச்சிலிருந்து தொடங்காதீர்கள். 02377-இலிருந்து தொடங்குங்கள்.