கூண்டு கேட்டீங்களே, கொட்டாய்க்குக் கூரை போட்டீங்களா?

அடிவாரத்துல சிறுத்தை ஆட்டை அடிச்சுது, வீடியோ வந்துச்சு, அதைப் பிடிக்கக் கூண்டு வைங்கன்னு கையெழுத்து வாங்கிக் குடுத்தீங்க. கூண்டு வந்து இறங்குன மறுநாளே நன்றி சொல்லி பிளக்ஸ் வெச்சாச்சு. சிறுத்தைதான் இன்னும் வரலை.

கூண்டு தீர்வில்லைங்க. உள்ள ஆட்டைக் கட்டி வெச்சா அந்த வழியாப் போற எந்தச் சிறுத்தையும் மாட்டும், உங்க ஆட்டை அடிச்சதுதான் மாட்டும்னு இல்ல. பிடிச்சதை வேற காட்டுல விட்டா அங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்கும். இங்க காலியான இடத்துக்கு இன்னொண்ணு வரும். மகாராஷ்டிராவில் ஜுன்னர் பக்கம் 2001-லிருந்து இப்படித்தான் பிடிச்சுப் பிடிச்சு இடம் மாத்தி விட்டாங்க. அதுவரை வருஷத்துக்குச் சராசரியா 4 தடவை மனுஷங்களைத் தாக்கிட்டு இருந்தது, அப்புறம் 17 ஆச்சு. கூண்டு கேட்கறவங்க இதைக் கொஞ்சம் படிங்க.

கூண்டு வேண்டாம்னு சொன்னதுக்கு 'ஏசி ரூம் காட்டு ஆர்வலர்'னு எனக்குப் பட்டம் குடுத்திருக்கீங்க. சந்தோஷம். வீடியோவில் தெரியற கொட்டாயைப் பாருங்க: நாலடிப் படல், மேல வெறும் வானம். எட்டடிச் சுவரே சிறுத்தைக்கு ஒரு தாவல்தான். ஓலை போட்டாலும் பிரிச்சுட்டு இறங்கும். இறங்குனது வெளியேற வழி தெரியாம மிரண்டா, ஒண்ணைத் தின்ன வந்தது பத்தைக் கடிச்சுப் போட்டுடும். அதனால நாலு பக்கமும் ரெண்டு இஞ்ச் கண்ணுள்ள வெல்டுமெஷ் (பற்றவெச்ச இரும்புக் கம்பி வலை), கூரைக்கு அடியிலயும் அதே மெஷ். தரையில் ஒரு அடி பள்ளம் பறிச்சு மெஷ்ஷைப் புதைச்சு கான்கிரீட் போடணும். கதவுக்கு இரும்புச் சட்டம், மேலயும் கீழயும் தாழ்ப்பாள். நாலு விரலுக்கு மேல இடுக்கு விடக்கூடாது. கயித்துல கட்டுன படலைக் கதவுன்னு சொல்லாதீங்க.

'ஆடு போனா நீ தருவியா?' நான் எதுக்குங்க தரணும், அரசு நிவாரணம் இருக்கு. செத்த ஆட்டை நகர்த்தாம போட்டோ எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்க, கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை அறிக்கை வாங்குங்க. தொண்டையில் ஆழமான பல் குழி இருந்தா பெரும்பாலும் சிறுத்தை. பின்னங்கால், வயிறு கண்டபடி குதறியிருந்தா நாயாக இருக்கலாம். கால்தடத்துல நகம் பதிஞ்சிருந்தாலும் பெரும்பாலும் நாய்தான், சிறுத்தை நகத்தை உள்ள இழுத்துட்டு நடக்கும். ராத்திரியே புதைச்சுட்டு காலையில் நிவாரணம் கேட்டா எதைப் பார்த்துத் தருவாங்க?

'குழந்தை மேல பாஞ்சா?' அது வேற. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவுல அந்தச் சிறுத்தையைப் பிடிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளர் உத்தரவு போடலாம். ஆட்டுக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாதீங்க.

சரி, சிறுத்தை ஏன் ஊருக்குள்ள வருது? காட்டை அழிச்சதாலன்னு கண்ணை மூடிட்டுச் சொல்றாங்க. பாதிதான் உண்மை. காப்பித் தோட்டத்துலயும் கரும்புக் காட்டுலயும் குட்டி போட்டுப் பிழைக்கற மிருகம் அது. மலைப்பாதை ஓரத்துல கோழிக்கழிவு மூட்டையைத் தள்ளிவிட்டுப் போறோம், நாய் கூடுது, நாய்க்கு அது வருது. கூண்டுக்குக் கையெழுத்து வாங்குனவங்க, கறிக்கடைக் கழிவை எங்க கொட்டணும்னு பஞ்சாயத்துல ஒரு மனுவாவது குடுத்தீங்களா? கமென்ட்ல சொல்லுங்க. 'ஏசி ரூம்'னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.