குகை ஓவியங்கள் சாப்பாட்டுப் பட்டியல் அல்ல

“கற்கால மனிதர்கள் தாங்கள் குடியிருந்த குகைச் சுவர்களில், வேட்டையாடித் தின்ற விலங்குகளைப் பொழுதுபோக்காகக் கிறுக்கி வைத்தார்கள்” என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பிரான்சின் லாஸ்கோ குகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே கிடைத்த உணவு எலும்புகளில் பெரும்பாலானவை பனிமான்களுடையவை. சுவரிலோ நூற்றுக்கணக்கான குதிரைகளும் காட்டெருதுகளும் இருக்க, பனிமான் என்று சொல்லத்தக்க உருவம் ஒன்றே ஒன்றுதான்! அதே நாட்டின் ஷோவே குகையில் சிங்கம், காண்டாமிருகம், கரடி ஆகியவைதான் நிறைய. அன்றாடம் இரையாகிற விலங்குகளா இவை?

அவர்கள் பெரும்பாலும் குடியிருந்தது வெளிச்சம் வரும் குகை வாயில்களிலும் பாறை ஒதுக்குகளிலும், திறந்தவெளி முகாம்களிலும்தான். லாஸ்கோ ஓவியங்கள் பல இருப்பதோ வெயில் எட்டாத உட்பகுதியில். விலங்குக் கொழுப்பு ஊற்றி எரித்த கல் விளக்குகள் அங்கே கிடைத்துள்ளன. சாரம் கட்ட மரக்கட்டைகளைச் செருகிய குழிகள்கூடச் சுவரில் தெரிகின்றன. காவிக்கல்லையும் மாங்கனீசுக் கல்லையும் பொடித்து நிறம் சேர்த்து, விளக்குக்கு ஆள் வைத்து, சாரத்தில் ஏறி வரைந்ததைக் கிறுக்கல் என்று எப்படிச் சொல்ல முடியும்? திட்டமிட்டுக் கூடிச் செய்த வேலை அது.

இந்தக் கலை ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமும் அல்ல. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், பன்றியைச் சுற்றி மனிதச் சாயல் உருவங்கள் நிற்கும் ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 ஆண்டு வயது என 2024-ல் கணித்தார்கள். லாஸ்கோவைவிட அது பல்லாயிரம் ஆண்டுகள் மூத்தது.