பெரியப்பா விரலில் 95

2020 ஜூன், கொரோனா காலம். மும்பை தாராவியில தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால இருக்கிற எங்க சந்துல, ரத்தத்துல எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் இருக்குன்னு விரல்ல மாட்டி அளக்கிற ஆக்ஸிமீட்டரோட வீடு வீடா போன தன்னார்வலர்கள்ல நானும் ஒருத்தி. நாற்பது வருஷம் தோல் பட்டறையில நின்ன பெரியப்பா. விரலைத் துடைச்சுட்டு கிளிப்பை மாட்டினேன். 95. "நல்லாத்தான் இருக்கு பெரியப்பா"ன்னு நோட்டுல குறிச்சுக்கிட்டுக் கிளம்பினேன். கூட வந்த டாக்டரம்மா நகரவே இல்ல. "மூச்சு விடாம நாலு வார்த்தை பேச முடியல அவரால"ன்னாங்க. ஆஸ்பத்திரியில தமனி ரத்தம் எடுத்துப் பார்த்தா 86.

பிழைச்சுட்டார். ஆனா அந்த 95 என்னை விடவே இல்ல.

சிவப்பு, அகச்சிவப்புன்னு ரெண்டு ஒளியை விரலுக்குள்ள விட்டு, துடிக்கிற ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுதுன்னு பார்த்துத்தான் இந்தக் கருவி கணக்குப் போடுது. கறுத்த தோல்ல அதிகமா இருக்கிற மெலனின்ங்கிற நிறமியும் ஒளியை உறிஞ்சும். அதனால கருவி நிஜத்தைவிட அதிகமாக் காட்டிடலாம். 2020 டிசம்பர்ல ஒரு அமெரிக்க ஆய்வு வந்துச்சு. கருவி 92-லிருந்து 96 வரை காட்டின நேரத்துல, நிஜத்துல 88-க்குக் கீழ இருந்த அளவுகள் வெள்ளையர்கள்கிட்ட 3.6%, கறுப்பர்கள்கிட்ட 11.7%.

இப்போ இந்த அளவீட்டைச் சுத்தி நடக்கிற காப்புரிமைச் சண்டைக்கு வர்றேன். கை ஆடினாலும் சரியா அளக்கிற வழியைக் கண்டுபிடிச்ச அமெரிக்க மருத்துவக் கருவிக் கம்பெனி மாசிமோவும் ஆப்பிளும் வருஷக்கணக்கா மோதுறாங்க. 2023 டிசம்பர்ல, ரத்த ஆக்ஸிஜன் அளக்கிற ஆப்பிள் வாட்சுக்கு அமெரிக்காவில இறக்குமதித் தடை. 2024 ஜனவரியிலிருந்து அங்க அந்த வசதி இல்லாமலே வாட்ச் வித்தாங்க. 2025 ஆகஸ்ட்ல, கணக்குப் போடுற வேலையை ஐபோனுக்கு மாத்தித் திரும்பக் கொண்டுவந்தாங்க. நவம்பர்ல ஜூரி, ஆப்பிள் மாசிமோவுக்கு 63.4 கோடி டாலர் தரணும்னு சொல்லுச்சு. எனக்கு அதுல மறுப்பில்ல. உழைச்சவனுக்குக் கூலி போய்ச் சேரணும். இந்த அளவீட்டுக்கே அடிப்படை போட்ட ஜப்பான் இன்ஜினியர் தகுவோ அயோயாகியோட கம்பெனி 1974-ல ஜப்பான்ல மட்டும்தான் காப்புரிமை கேட்டுச்சு. அவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

என் கோபம் வேற. ஒளி யாருக்குச் சொந்தம்னு இத்தனை வக்கீல்கள், இத்தனை கோடி. அந்த ஒளி எந்தத் தோல்ல தடுமாறுதுன்னு இதே வேகத்துல யார் வாதாடினாங்க? பல நிறத் தோல் உள்ள குறைஞ்சது 150 பேரை வெச்சுச் சோதிக்கணும்னு, மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அமெரிக்க எஃப்டிஏ வரைவு போட்டதே 2025 ஜனவரியிலதான். 2021-ல நம்ம அரசு ஆக்ஸிமீட்டருக்கு லாப வரம்பு வெச்சுச்சு, விலை இறங்குச்சு, நல்ல காரியம். அதே உறுதியோட, இங்க விக்கிற ஒவ்வொரு கிளிப்பையும் பெரியப்பாவோடது மாதிரி கறுத்த விரல்கள்ல சோதிச்ச முடிவை டப்பா மேலயே அச்சடிக்கச் சொல்லணும்.

மருந்துக்கடையில கிளிப் வாங்குறப்போ இதைக் கேளுங்க. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இதுவரை ஒரு டப்பாவுலயும் பார்க்கல.