செத்த முதலையும் கேப்டன் ஹேஸ்டிங்ஸும்

போன வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் ஒரு செத்த முதலையால் சண்டை வந்தது.

முதலை சிங்கப்பூரில் நாங்கள் இருக்கும் ஈசூனுக்கு வரவில்லை, தொலைக்காட்சியில்தான் இருந்தது. அகதா கிறிஸ்டியின் 'ஏபிசி மர்டர்ஸ்' நாவலை வைத்து 1992இல் வந்த படம். டேவிட் சூஷே துப்பறியும் புவாரோவாக நடித்த தொலைக்காட்சித் தொடரில் ஒன்று. கொலைகாரன் புவாரோவுக்குக் கடிதம் போட்டுச் சவால் விட்டுவிட்டு, ஆங்கில எழுத்து வரிசைப்படி ஊரையும் ஆளையும் தேர்ந்தெடுத்துக் கொல்கிறான். ஆண்டோவரில் ஒரு கிழவி, பெக்ஸ்ஹில்லில் ஓர் இளம்பெண் என்று போகிறது. நெஞ்சு படபடக்க வேண்டிய கதை. அதன் நடுவில், தென் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும் கேப்டன் ஹேஸ்டிங்ஸ், தான் சுட்ட முதலையைப் பாடம் செய்து நண்பர் புவாரோவுக்குப் பரிசாகத் தூக்கிக்கொண்டு வருகிறார். அது நாறுகிறது. கோட்டில் ஒரு தூசி இருந்தால் துடித்துப்போகிற மனிதரின் வீட்டில் நாறும் முதலை! அதோடு விட்டாரா? அதைச் சுட்ட பிரதாபத்தை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று படம் முழுக்க அலைகிறார். அங்கே பிணம் விழுகிறது, இவர் ஓரினோகோ ஆற்றங்கரையை விட்டு வரமாட்டேன் என்கிறார்.

என் வீட்டுக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பாவம், நல்ல மனிதர்" என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நல்ல மனிதராக இருப்பது ஒரு வேலையா? இந்தத் தொடரைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஹேஸ்டிங்ஸுக்கு இந்த ஒரு நற்சான்றிதழ்தான் கிடைக்கிறது. யாருக்கும் கெடுதல் செய்யமாட்டாராம். எங்கள் மாடிப்படி ஓரத்தில் இருக்கும் பூந்தொட்டிகூட யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. அதைக் கூட்டிக்கொண்டு யாராவது துப்பறியப் போகிறார்களா?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடர் எனக்கு உயிர். 1989இல் தொடங்கி 2013இல் முடிந்த எழுபது படங்களும் வட்டுகளாக என் அலமாரியில் இருக்கின்றன. சூஷேயின் நடையையும் மீசையையும் யாராவது குறை சொன்னால் சும்மா விடமாட்டேன். ஹேஸ்டிங்ஸாக வரும் ஹியூ ஃபிரேசர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. கொடுத்ததை அச்சு அசலாகச் செய்திருக்கிறார், அதனால்தான் இவ்வளவு எரிச்சல் வருகிறது.

என் கோபம் எங்கே என்றால், அவருக்கு அங்கே என்ன வேலை என்பதில். புத்தகத்தில் அவருக்கு ஒரு வேலை இருந்தது, கதை சொல்லும் வேலை. அவர் கண் வழியாக நாம் பார்க்கிறோம். அவர் கவனிக்காமல் விட்டதை நாமும் விட்டுவிடுகிறோம். அவர் ஓர் அழகியைப் பார்த்து மயங்கினால் நாமும் அவளைச் சந்தேகிக்க மறக்கிறோம். அந்த மந்தபுத்திக்கு அங்கே ஒரு பயன் இருந்தது; கிறிஸ்டி தடயங்களை அதற்குப் பின்னால்தான் ஒளித்துவைத்தார். அவருக்கே பிறகு அலுத்துவிட்டது. ஹேஸ்டிங்ஸுக்குக் கல்யாணம் செய்துவைத்து அர்ஜென்டினாவுக்குக் கப்பலேற்றிவிட்டார். புவாரோவை விட முடியாது, இவரையாவது விட்டுத் தொலைப்போம் என்கிற நினைப்பில் செய்ததைத் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டும் இருக்கிறார். புவாரோ நாவல்கள் 33, அவற்றில் ஹேஸ்டிங்ஸ் வருவது எட்டில்தான்.

தொலைக்காட்சியில் கதை சொல்வது கேமரா. கேமரா வந்த அன்றே ஹேஸ்டிங்ஸின் பதவி போய்விட்டது. ஆள் மட்டும் போகவில்லை. சோபாவில் காலை நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டு, புவாரோ எதையாவது கண்டுபிடித்தால் "அடக் கடவுளே!" என்று வியப்பதற்காகவே ஒரு மனிதர்.

நான் ஒரு சட்ட அலுவலகத்தில் 26 ஆண்டுகள் கோப்புகளைக் கட்டி மேய்த்தவள். ஆவணங்களை நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே எங்களிடம் ஓர் அண்ணன் இருந்தார். 2000ஆம் ஆண்டு வாக்கில் வழக்கு ஆவணங்களைக் கணினி வழியாகவே பதிவு செய்யும் முறை வந்ததும் அவருடைய ஓட்டம் நின்றுவிட்டது. ஐம்பது வயதை நெருங்கியவர், மூன்றே மாதத்தில் ஸ்கேன் செய்யக் கற்றுக்கொண்டார். அப்புறம் எங்களுக்கே சொல்லிக்கொடுத்தார். அவரையும் எல்லாரும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை நான் அவருக்குக் கொடுப்பேன், ஹேஸ்டிங்ஸுக்குக் கொடுக்கமாட்டேன்.

அந்த வீட்டில் உருப்படியாக வேலை செய்வது புவாரோவின் செயலாளர் மிஸ் லெமன் ஒருவர்தான். கோப்பு, கடிதம், ரயில் நேரம், தொலைபேசி எல்லாம் அவர் கையில். குற்றமே இல்லாத ஒரு கோப்பு முறையைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய கனவு என்று கிறிஸ்டி எழுதியிருக்கிறார். அந்தக் கனவின் அருமை கோப்பு பார்த்தவளுக்குத்தான் தெரியும். மிஸ் லெமனாக நடித்த பாலின் மோரன் அதை அழகாகச் செய்திருந்தும், தொடர் அதைச் சிரிப்புக்குத்தான் பயன்படுத்துகிறது. அவர் பாடுபட்டு எழுதிய அட்டைகளைப் பார்த்து ஹேஸ்டிங்ஸ் புருவம் உயர்த்துகிறார். ஐயா, நீங்கள் முதலையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்!

தலைமை ஆய்வாளர் ஜாப்பை நான் ஓரளவு மன்னித்துவிடுவேன். தப்பான ஆளைக் கைது செய்வதைத் தவறாமல் செய்கிறார். ஆனால் மாதச் சம்பளம், மேலதிகாரி, காலுக்குப் பொருந்தாத சப்பாத்து மாதிரி ஒரு முகம், பாவம். அவரை அழைக்காத இடத்துக்கெல்லாம் இழுத்து வருவதைத்தான் மன்னிக்க முடியவில்லை. 'ரோஜர் அக்ராய்ட்' கதையில் அவருக்கு என்ன வேலை? அந்த நாவலில் கதை சொல்லும் கிராமத்து மருத்துவரின் குரல்தான் எல்லாமே. ஏன் என்று படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களிடம் சொல்வது பாவம். 2000இல் அதைப் படமாக எடுத்தபோது ஜாப்பைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்திவிட்டார்கள். பிறகு 'மெசபடோமியா'. அதைப் புத்தகத்தில் சொல்வது ஒரு நர்ஸ். உழைத்துப் பிழைக்கிற, வாய் கொஞ்சம் நீளமான, அருமையான பெண். படத்தில் அவரை ஓரங்கட்டிவிட்டுப் பாலைவனத்துக்கு ஹேஸ்டிங்ஸை அனுப்பிவைத்தார்கள். 2001இல் வந்த 'ஈவில் அண்டர் த சன்' படத்தில் ஹேஸ்டிங்ஸ், ஜாப், மிஸ் லெமன் மூன்று பேரும் உள்ளே. புத்தகத்தில் ஒருவர்கூடக் கிடையாது. ஹேஸ்டிங்ஸ் அர்ஜென்டினா உணவகத்தில் பணம் போட்டிருக்கிறார் என்று ஆரம்பிக்கிறது, அங்கே புவாரோ சுருண்டு விழுகிறார். சாப்பாட்டுக் கடை நடத்துவது எவ்வளவு பாடு என்று தேக்காவில் கடை வைத்திருக்கும் யாரையாவது கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம்.

பக்கத்தில் ஒரு மந்தன் இருந்தால்தான் கெட்டிக்காரன் தெரிவான் என்று என் வீட்டுக்காரர் வாதாடினார். அப்படியானால் அமெரிக்கத் தொலைக்காட்சியின் துப்பறிவாளர் கொலம்போ? கசங்கிய மழைக்கோட்டும் ஓட்டைக் காருமாக அந்த மனிதர் தனியாகத்தானே வந்தார்? மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார், அந்த அம்மாள் கண்ணில் படவே மாட்டார். அதுதான் அழகு. 1979இல் அந்த மனைவியை வைத்துத் தனித் தொடர் எடுத்துப் பார்த்தார்கள், சீக்கிரமே மூட்டை கட்டிவிட்டார்கள். மற்றபடி ஒரு நாய் இருந்தது. நாய் என்றதும் ஞாபகம் வருகிறது, புவாரோவின் 'டம்ப் விட்னஸ்' படத்தில் பாப் என்று ஒரு டெரியர் வரும். மாடிப்படியில் பந்தை வைத்துவிட்டது என்ற பழியைச் சுமக்கும். அந்த நாய் வழக்குக்குச் செய்த உதவியில் கால்வாசியைக்கூட ஹேஸ்டிங்ஸ் செய்ததில்லை.

எங்கள் அத்தைக்கு 78 வயது. ஆங்கிலம் அரைகுறைதான். புவாரோவை 'மீசைக்காரர்' என்பார். சாப்பாட்டு மேசைக் காட்சியில் யார் தட்டைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, "இவன்தான்" என்று விரல் நீட்டுவார். பத்துக்கு ஆறு சரியாக இருக்கும். காவல்துறையும் கேப்டனும் சேர்ந்து ஒன்றுகூடச் சரியாகச் சொன்னதில்லை. (எங்கள் மேல்வீட்டில் நள்ளிரவில் கோலிக்குண்டு உருளும் சத்தம் கேட்கும். அடுக்குமாடியில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த சத்தம். மேல்வீட்டில் கேட்டால் கோலியே இல்லை என்கிறார்கள். புவாரோ சிங்கப்பூர் வந்தால் முதலில் அதைத்தான் ஒப்படைப்பேன், தனியாக வரச் சொல்லி.)

ஆகவே நேற்று இரவு வட்டை நானே எடுத்தேன். 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்', 2003. அந்தப் படத்திலிருந்து தொடரின் முகமே மாறிவிட்டது. ஹேஸ்டிங்ஸ் இல்லை, ஜாப் இல்லை. மிஸ் லெமனையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு அநியாயம். சோம்பேறியை நீக்கும்போது உழைத்தவளையும் நீக்குகிற வழக்கம் எங்கும் உண்டு. ஆனால் படம் எப்படி! ஓர் ஓவியரின் பழைய கொலை, ஐந்து பேர், ஐந்து நினைவுகள், நடுவில் புவாரோ தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். வியப்பொலி எழுப்ப ஆள் இல்லை. முதலை இல்லை. நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். அத்தை மெதுவாகக் கேட்டார். "அந்த உயரமான பையன் எங்கே?"

"அவர் இதில் கிடையாது, அத்தை."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"இல்லை, அத்தை. இனிமேல் ரொம்ப நாளைக்கு வரமாட்டார்."

அத்தை திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியென்றால் இந்த மனிதர் சாயங்காலம் வீட்டுக்குப் போய் யாரிடம் பேசுவார்?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை கழுவினேன்.