ஸ்கேன் செய்துவிட்டால் வேலை முடிந்ததா?

மின்னிலக்கியம் பற்றி ஒரு பேராசிரியர் மேடையில் பேசிய அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக என் டைம்லைனில் அதுதான் ஓடுகிறது. பெயரைச் சொல்லி அவருக்கு இன்னும் கொஞ்சம் விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை. "மின்னிலக்கியம் பாதுகாப்பாக இருக்கிறது, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றியாகிவிட்டது" என்றார். கைதட்டல். அப்படியென்றால் மடற்குழுக்களிலும் (மின்னஞ்சலிலேயே கூடிப் பேசிய குழுக்கள்) வலைப்பூக்களிலும் எழுதியதெல்லாம் எங்கே என்று ஒரு பெண் எழுந்து கேட்டார். "நல்லதெல்லாம் புத்தகமாக வந்துவிட்டதேம்மா, மிச்சம் அரட்டை" என்று பதில் வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

சரி, நிதானமாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

அச்சில் வந்ததைக் கணினியில் ஏற்றுவது ஒரு வேலை. கணினியிலேயே பிறந்த மின்னிலக்கியத்தைக் காப்பாற்றுவது வேறு வேலை. முதல் வேலையைத் தமிழர்கள் நன்றாகவே செய்திருக்கிறோம். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இரண்டுக்கும் தினமும் கும்பிடு போடலாம், நானும் போடுகிறேன். ஆனால் அங்கே ஏற்றுவதற்கு ஒரு தாள் இருந்தது. தாளே இல்லாமல் பிறந்ததை எந்த ஸ்கேனரில் வைப்பது?

மரபுக்கவிதைக்கான சந்தவசந்தம் என்ற மடற்குழுவில் மடலிலேயே கவியரங்கம் நடத்தினார்கள். தலைவர் ஒரு நாட்டில், அடுத்த கவிஞர் இன்னொரு நாட்டில். அழைப்புக்கு ஒரு பாட்டு, அதற்குப் பதில் பாட்டு, நடுவில் ஒருவர் யாப்பில் தளை தட்டுகிறது என்பார், இன்னொருவர் அதற்கும் வெண்பாவிலேயே வம்பு இழுப்பார். இதில் பாட்டுகளை மட்டும் பிரித்தெடுத்துப் புத்தகமாக்கினால் கவியரங்கம் எங்கே போயிற்று? மரத்தடியும் ராயர் காப்பி கிளப்பும் யாஹூ குழுமங்களாக இருந்தபோது அங்கே நடந்ததும் இப்படித்தான். 2019 அக்டோபரில் யாஹூ ஒரு அறிவிப்பு விட்டது: குழுமங்களின் பழைய மடல்கள் எல்லாம் அழிக்கப்படும். டிசம்பரில் கெடு, அப்புறம் 2020 ஜனவரி கடைசி வரை நீட்டித்தார்கள். அவ்வளவுதான். அந்த மூன்று மாதத்தில் எந்தத் தமிழ்த்துறையிலிருந்தும் யாரும் பதறியதாக என் கண்ணில் படவில்லை. அரட்டைதானே.

"இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறதே" என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இருக்கிறது, அது இல்லாவிட்டால் இந்த அளவுகூட மிஞ்சியிருக்காது. ஆனால் உறுப்பினர் மட்டும் படிக்கும் குழுமத்துக்குள் அது நுழைய முடியாது. நுழைந்த இடத்திலும் பாதிதான் மிஞ்சும். எல்லோருக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன் ஆளுக்கொரு குறியீட்டு முறையும் எழுத்துருவும் வைத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? திஸ்கி, டாம், டாப் என்ற குறியீட்டு முறைகள் போதாதென்று பத்திரிகைக்குப் பத்திரிகை தனி எழுத்துரு. பல தளங்களில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் திறந்தால்தான் எழுத்துரு தானாக இறங்கும். அந்த எக்ஸ்புளோரரையே 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. பக்கம் அப்படியே சேமிக்கப்பட்டிருக்கும், எழுத்துரு இருக்காது. திறந்தால் கொம்பும் தொப்பியும் வைத்த லத்தீன் எழுத்துகள் வரிசையாக நிற்கும். எழுத்துரு மாற்றியில் போட்டுப் பார்க்கலாம், எந்த எழுத்துரு என்று தெரிந்தால். 2024 அக்டோபரில் அந்த ஆர்க்கைவே தாக்குதலுக்கு ஆளாகிப் பல நாள் முடங்கிக் கிடந்தது வேறு விஷயம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், ஒரு நண்பர் இருந்தார். வளைகுடாவில் வேலை, இரவில் வலைப்பூ. தன் ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்தைப் பற்றி ஒரு தொடர்கதை எழுதினார். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் இரண்டு சுட்டி இருக்கும். ஒன்றை அழுத்தினால் பேருந்து நிற்கும், மற்றதை அழுத்தினால் நிற்காமல் போகும். வாசகர்கள் பின்னூட்டத்தில் சண்டை போடுவார்கள், அதை வைத்து அடுத்த அத்தியாயம் எழுதுவார். அவர் இப்போது இல்லை. புத்தகமாகப் போடலாமா என்று அவர் மனைவி கேட்டார். திறந்து பார்த்தேன். படங்கள் இருந்த இலவச சேவை போய்விட்டது. பின்னூட்டப் பெட்டி வேறொரு நிறுவனத்துடையது, அதுவும் மூடியாகிவிட்டது. "அக்கா சொன்னபடியே டிரைவரைக் கொன்றுவிட்டேன்" என்று ஒரு அத்தியாயம் தொடங்குகிறது. எந்த அக்கா? என்ன சொன்னார்? இனி யாருக்கும் தெரியாது. ஒரு பதிப்பாளரிடம் கேட்டதற்கு "வரிசையா அடுக்கிக் குடுங்க சார், போட்டுடலாம்" என்றார். எந்த வரிசையில்?

இதே சிக்கல் அமெரிக்காவிலும் வந்தது. மைக்கேல் ஜாய்ஸ் 1987இல் முன்வைத்த 'ஆஃப்டர்நூன்' என்ற சுட்டிக்கதை பழைய மெக்கின்டோஷ் கணினியில் ஓடிய ஸ்டோரிஸ்பேஸ் மென்பொருளில் எழுதப்பட்டது. அந்த மெஷின் போனால் கதையும் போச்சு. அவர்கள் என்ன செய்தார்கள்? 1999இல் மின்னிலக்கியத்துக்கென்றே ஓர் அமைப்பு ஏற்படுத்தினார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் டீன் கிரிகார் என்ற பேராசிரியர் பழைய கணினிகளை ஓடும் நிலையில் வைத்து ஆய்வகமே நடத்துகிறார். எழுதியவரையே வரவழைத்து, அந்தக் காலத்துக் கணினியில் அவர் கதையை அவரே சுட்டிச் சுட்டிப் படிப்பதை வீடியோ எடுத்து வைக்கிறார்கள். அங்கே பேராசிரியர் பழைய மெக்கின்டோஷைத் துடைத்து வைக்கிறார். இங்கே, அந்த வீடியோவில், பேராசிரியர் அரட்டை என்கிறார்.

குப்பையும் நிறைய இருந்ததே என்பீர்கள். இருந்தது. அச்சில் இல்லையா? கோட்டையூரில் ரோஜா முத்தையா நாடக நோட்டீஸையும் அழைப்பிதழையும்கூடச் சேர்த்து வைத்தது தரம் பார்த்தா? இன்று அவர் பெயரில் உள்ள நூலகத்தில் உட்கார்ந்துதான் பலரும் ஆய்வு செய்கிறார்கள்.

எழுதியவர்களே அழித்துவிட நினைத்தால், அனுமதி வேண்டாமா என்று ஒரு தோழி கேட்டார். வேண்டும்தான். கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதலில் கேட்க ஒரு ஆள் இருக்கட்டும்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கைதட்டல்தான் வலிக்கிறது. தட்டியவர்களில் சிலரை எனக்குத் தெரியும். வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தில் தங்கள் பதிவு மேலே வந்ததா என்று மணிக்கொரு முறை பார்த்தவர்கள். இப்போது ஆளுக்கு நாலு புத்தகம் வந்துவிட்டது, மேடை கிடைத்துவிட்டது, வந்த வழியைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தன்குறிப்பில் "2010 முதல் எழுதுகிறார்" என்று போடுகிறார்கள். அதற்கு முன் எழுதியதெல்லாம் யார் எழுதியது சாமி? நாங்கள் எழுத்தாளர்கள் இல்லை, சரி, நீங்கள் எங்களோடு இருந்தபோது என்னவாக இருந்தீர்கள்?

அன்ஃப்ரெண்ட் செய்ய நினைப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2000க்குப் பிறகு யாஹூ குழுமங்களில் இருந்து, மடல்களை அவுட்லுக், யுடோரா போன்ற மின்னஞ்சல் மென்பொருளில் இறக்கி வைத்திருந்தவர்கள், பழைய கணினியை எடைக்குப் போடும் முன் ஒரு தடவை பாருங்கள். எந்த எழுத்துருவில் இருந்தாலும் பரவாயில்லை, கோப்பை மாற்றாமல் அப்படியே வையுங்கள். இன்பாக்ஸில் சொல்லுங்கள், ஹார்ட் டிஸ்க்கோடு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பேருந்துக் கதையில் பின்னூட்டம் போட்ட அக்கா யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து என்ன சொன்னீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.