புனித வெள்ளியன்று பன்றிக்கறி தின்றவரின் சாட்சி

புனித வெள்ளியன்று கறி தின்றேன், வேறு வழியில்லை என்று தன் கைப்பட எழுதி வைத்த ஆளை நான் நம்பத் தயார். கத்தோலிக்கர் கறி தொடக் கூடாத நாள் அது. அவர் பெயர் அந்தோனியோ பிகாஃபெட்டா. மகெல்லனின் கப்பலில் உலகம் சுற்றப் போன இத்தாலியர். 1521 மார்ச் 29 அன்று மசாவா என்ற தீவின் அரசர் கொலம்பு அவருக்குப் பன்றிக்கறியும் கள்ளும் வைத்து விருந்து போட்டார். குடிக்கும் முன் அரசர் இடக்கை முஷ்டியை நீட்டியபோது, குத்த வருகிறார் என்றே முதலில் நினைத்தாராம். அது அந்த ஊர் மரியாதை என்று புரிந்ததும் இவரும் முஷ்டியை நீட்டிக் குடித்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து ஈஸ்டர் ஞாயிறு. பிலிப்பைன்ஸ் மண்ணில் நடந்ததாகப் பதிவான முதல் திருப்பலி அன்றைக்குத்தான். அந்தத் தீவு எது என்பதற்காகத்தான் அந்த நாட்டில் இத்தனை காலம் அடிதடி. தெற்கு லெய்ட்டேயை ஒட்டிய லிமாசாவா என்ற குட்டித் தீவா, மின்டனாவோவில் அகுசான் ஆற்றங்கரையில் இருக்கும் புத்துவானா?

நான் லிமாசாவா கட்சி. மூன்று நூற்றாண்டு காலம் புத்துவான்தான் என்று நம்பப்பட்டதற்கு இருந்த ஒரே பலம், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதுதான். 16ஆம் நூற்றாண்டில் வெனிஸில் ரமூசியோ வெளியிட்ட பிகாஃபெட்டாவின் இத்தாலிய வடிவத்தில் மசாவா என்ற தீவே காணாமல் போய், எல்லாம் புத்துவானில் நடந்த மாதிரி ஆகிவிட்டது. 1663இல் இயேசு சபைப் பாதிரியார் கொலினும் புத்துவான் என்றே எழுதினார். பின்னால் வந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. 1872இல் ஆற்று முகத்துவாரத்தில் நினைவுச் சின்னமே எழுப்பிவிட்டார்கள். மிலானில் கிடந்த பிகாஃபெட்டாவின் கைப்பிரதியை 1800இல் அமோரெட்டி அச்சுக்குக் கொண்டுவந்தார். 1900களின் தொடக்கத்தில் ராபர்ட்சன் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் மூலத்தை வைத்துப் பேசும் பழக்கமே வந்தது.

அதில் மசாவா ஒரு தீவு. அதற்கு முன் தங்கிய ஹொமோன்ஹோன் தீவிலிருந்து கப்பல்கள் மேற்குத் தென்மேற்காகப் போயிருக்கின்றன. புத்துவானுக்கு என்றால் நேர் தெற்கே இறங்க வேண்டும். புத்துவானுக்குக் கப்பலில் போகிறவன் கண்ணில் முதலில் படுவது அகுசான் ஆறு. மசாவாவில் நடந்த விஷயத்தில் கறியையும் கள்ளையும்கூட விடாமல் எழுதிய மனிதர் அவ்வளவு பெரிய ஆற்றை மறந்திருப்பாரா? 1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி வந்தபோதும் மசாவாவைத் தேடி லிமாசாவாவுக்குத்தான் போனார்.

புத்துவான்காரர்கள் சும்மா வாதாடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மசாவா இருக்கும் வட அட்சரேகை 9 பாகை 40 கலை என்கிறார் பிகாஃபெட்டா. கப்பலோட்டி அல்போ 9 பாகை 20 கலை என்கிறார். ஜெனோவாக்காரர் ஒருவர் வெறும் 9 என்கிறார். லிமாசாவா 9 பாகை 56 கலையில் இருக்கிறது, புத்துவான் 9க்குச் சற்றுக் கீழே. எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றில் இரண்டு பேர் புத்துவான் பக்கம்தான் சாய்கிறார்கள்! அன்றைய கருவிகளை வைத்து எடுத்த கணக்கு அந்த லட்சணம். அதனால்தான் எண்ணைவிடப் பயண வழியை நம்பச் சொல்கிறேன்.

1996இல் ஒரு குழு, 2008இல் ஒரு குழு, 2018இல் ஒரு குழு. மூன்றுமே லிமாசாவா என்றன. ரெசில் மொஹாரெஸ் தலைமையிலான கடைசிக் குழுவின் முடிவைத் தேசிய வரலாற்று ஆணையம் 2020 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு 500ஆம் ஆண்டு விழாவும் அங்கேயே நடந்தது.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். 1960இலேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டு, லிமாசாவாவில் மகாயானெஸ் என்ற இடத்தைத் தேசியத் திருத்தலம் ஆக்கிவிட்டது. அது தீவின் கிழக்குக் கரை. 2020இல் வந்த முடிவோ, திருப்பலி மேற்குக் கரையில் திரியானா பக்கம் நடந்தது என்கிறது. தீவு சரி, கரை தப்பு! ஆய்வுக் கட்டுரையில் இந்தத் தவறு இருந்தால் அடுத்த கட்டுரையில் திருத்திவிட்டுப் போகலாம். சட்டத்தில் ஏறிவிட்டால் திருத்துவதற்கே இன்னொரு சட்டம் வேண்டும், அதற்கு எந்த எம்.பி. மெனக்கெடுவார்? போன நூற்றாண்டில் ஒரு எம்.பி. புத்துவானுக்காக மசோதா கொண்டுவந்த கதையும் உண்டு. எந்த ஊரில் என்ன நடந்தது என்பதைக் கை தூக்கி ஓட்டெடுத்து முடிவு செய்யும் வேலை இது.

அந்தத் திருப்பலியையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நாங்கள் சாப்பிட இறங்கவில்லை, பூசை காண இறங்குகிறோம் என்று மொழிபெயர்ப்பாளன் மூலம் மகெல்லன் அரசருக்குச் சொல்லி அனுப்புகிறார். அரசர் பதிலுக்கு இரண்டு பன்றிகளை அறுத்து அனுப்புகிறார். ஐம்பது பேர் கவசம் இல்லாமல், நல்ல உடுப்பும் வாளுமாகக் கரை இறங்குகிறார்கள். கொலம்புவும், புத்துவான் அரசரான அவர் சகோதரர் சியாகுவும் வருகிறார்கள். பாதிரியார் பேத்ரோ டி வால்டெராமா நற்கருணையை உயர்த்தும்போது கப்பல்களில் பீரங்கி வெடிக்கிறது. அரசர்கள் சிலுவையை முத்தமிட்டார்கள், ஆனால் காணிக்கை போடவில்லை என்று பிகாஃபெட்டா கவனித்து எழுதுகிறார். அன்று யாரும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. அது செபுவில், ஏப்ரல் 14இல். ஏப்ரல் 27இல் மக்தானில் மகெல்லன் கொல்லப்பட்டார். மறைபரப்பு ஊன்றியது 1565க்குப் பிறகு. ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாட்டின் கிறிஸ்தவம் நேராக முளைத்து வந்தது என்று சொல்வதே மிகை.

புத்துவான்காரர்கள் இந்தத் தீர்ப்பைத் தலைகுனிவாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் புரியவில்லை. பூசைக்கு வந்து நின்ற இரண்டு அரசர்களில் ஒருவர் அவர்கள் ஊர்க்காரர். அவர் நாட்டில் மண்ணைச் சலித்தாலே முட்டை அளவுக்குத் தங்கம் கிடைக்கும் என்று பிகாஃபெட்டா வாய்பிளந்து எழுதியிருக்கிறார். 1001இலேயே சீனச் சோங் அரசவைக்குத் தூது அனுப்பிய ஊர் அது. 1976இல் அந்த மண்ணைத் தோண்டியபோது ஆணி இல்லாமல் மரமுளை அடித்துக் கட்டிய, பாலாங்காய் என்று அழைக்கப்படும் பழைய படகுகள் வெளியே வந்தன. ஸ்பானியர் வருவதற்கு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கடல் தாண்டி வியாபாரம் செய்தவர்களுக்கு ஸ்பானியர் கொண்டுவந்த பூசையால்தான் பெருமை வர வேண்டுமா?

பிலிப்பைன்ஸ் போக எனக்கு வாய்த்தால் லிமாசாவா சிலுவைக் குன்றுக்கு அப்புறம் போவேன். முதல் டிக்கெட் புத்துவானுக்குத்தான், அந்தப் படகுகளைப் பார்க்க.